நாற்பதைத் தாண்டிய சீட்டு

அத்தியாயம் ஆறு

பிற்பகல் ஒன்று ஐம்பதுக்குத் தையற்காரி தன் அளவு நோட்டையும் நான்கு ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் மேசைமேல் பரப்பினாள். நான்கு மணிக்குள் பதில் வேண்டும் என்றாள். நான்கு மணிக்கு அவளுடைய பதினோரு வயது மகளின் உடம்பில் மூன்றாவது முறையாகச் சர்க்கரை நோய்க்கான ஒரு புதிய ஆய்வு மருந்து ஏறும். ஏறிய பிறகு கிடைக்கும் பதில் எவ்வளவு சரியாக இருந்தாலும் எவருக்கும் பயன்படாது.

மேசைக்கு இந்தப்புறம் உட்கார்ந்திருந்தவர் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆய்வாளராக இருந்தவர். எழுதிய அறிக்கைகள் அலமாரியை விட்டு வெளியேறுவதில்லை என்று தெரிந்தபின் தாமே வெளியேறித் தனியாகத் துப்பறிந்துகொண்டிருந்தார். வேலையை விட்டாலும் பெயர் விடவில்லை. எல்லோருக்கும் அவர் இன்ஸ்பெக்டரம்மாதான். கதவில் சாய்ந்து நின்றவன் அவருடைய உதவியாள். பன்னிரண்டு ஆண்டுகள் ஆம்புலன்ஸ் ஓட்டியவன். சைரன் பழுதான நாள்களிலும் வழி கிடைத்தது அவனுடைய வாயால் என்பதால் ஹாரன் என்ற பெயர் அங்கேயே அமைந்துவிட்டது.

"இதெல்லாம் சர்க்கரை அளவா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டரம்மா.

"இல்லைம்மா. சர்க்கரைக்கு வேற மெஷின். இது செல்லு முழிச்சுக்கிச்சான்னு பாக்கறதாம். நாற்பதைத் தாண்டிட்டா குணமாகுதுன்னு அர்த்தமாம். ஆறுல ஆரம்பிச்சா. அப்புறம் பத்தொன்பது, முப்பத்தேழு. முந்தாநாள் ஐம்பத்தெட்டு. பாருங்க, சூரியன்கூடச் சிரிக்குது."

ஐம்பத்தெட்டு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் சூரியன், பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

"சூரியனே சிரிக்குதுன்னா நல்ல சேதிதானே?" என்றான் ஹாரன்.

"நல்ல சேதின்னா அவ யூனிஃபார்ம் இடுப்பை நான் எதுக்குங்க மூணு தடவை பிடிச்சேன்?"

நோட்டில் தேதியிட்டு எழுதியிருந்தாள். இருபத்து நான்கு அங்குலம். இருபத்து மூன்று. இருபத்தொன்றரை. இருபது. சீட்டில் எண் ஏறிய ஒவ்வொரு முறையும் நோட்டில் இடுப்பு இறங்கியிருந்தது. பிறர் மனம் கோணாமலிருக்க அங்குலத்தைக் கூட்டிக் குறைக்கும் தையற்காரியிடம் யாரும் இரண்டாம் முறை துணி கொடுப்பதில்லை, இவளிடம் கொடுக்கிறார்கள்.

"இன்சுலின் எவ்வளவு போடறீங்க?"

"ஆறு மாசத்துக்கு முன்னாடி நோய்னு சொன்னப்போ நாளைக்குப் பத்து யூனிட். இப்போ இருபத்தாறு. டாக்டர்கிட்டக் கேட்டா வளர்ற பொண்ணுன்னு சொல்றார். எங்க வளர்றா? உடம்பு உருகுது. குடம் தண்ணியை ஒரே மூச்சுல குடிக்கிறா. அதுக்கு மேல கேளுங்க. இன்னைக்கு மூணாவது டிரிப்ஸ் ஏறினதும், ராத்திரியிலேர்ந்து இன்சுலினே வேண்டாம்னு சொல்லிட்டாராம்."

இன்ஸ்பெக்டரம்மாவின் பேனா நின்றது. "வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"அவர் சீட்டை நம்பறார், என்னை நம்பலை. 'நீ படிச்சவளா, அவர் படிச்சவரா'ன்னு கேக்கறார். பெத்தவங்கள்ல ஒருத்தர் கையெழுத்துப் போதுமாம். போட்டுட்டு, புள்ளையையும் கூட்டிக்கிட்டுக் காலையிலயே போயிட்டார்."

"நீங்க நேரா மகள்கிட்டப் போங்க. சண்டை போடாதீங்க. நாங்க வர்ற வரைக்கும் அவ பக்கத்துலயே இருங்க."

*

வண்டியில் ஹாரன் கேட்டான்: "மேடம், எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. நான் ஒன்பதாவதுல பயாலஜிக்கு வாங்கினது பதினேழு. அதுலயும் படம் வரைஞ்சதுக்கு ஆறு."

"உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரே புத்தகம் இருக்கு. கண்ணுக்கும் அதே புத்தகம், காலுக்கும் அதேதான். ஆனா யாரும் எல்லாப் பக்கத்தையும் படிக்கிறதில்லை. வேண்டாத பக்கத்தை ஒட்டி மூடியிருக்கும். இன்சுலின் செய்யற பக்கம், கணையத்துல இருக்கிற சில செல்லுல மட்டும்தான் ஒட்டாம திறந்திருக்கும்."

"ஒட்டறது யாரு?"

"உடம்பேதான். எழுத்தை மாத்தாது, எழுத்துமேல சின்னச் சின்ன ரசாயன ஒட்டு. இதைப் படிக்கிற படிப்புக்குத்தான் எபிஜெனடிக்ஸ்னு பேர். சர்க்கரை நோய்ல மிச்சமிருக்கிற செல்லுல சிலது அந்தப் பக்கத்தையே ஒட்டிக்கிட்டுத் தூங்கிரும்னு ஒரு கருத்து. தப்பான கருத்து இல்லை. இந்த டாக்டரோட மருந்து ஒட்டைப் பிரிச்சு எழுப்புதாம். திறந்த பக்கம் எத்தனைன்னு ரத்தத்துல எண்ணிச் சீட்டுல போடறாராம்."

"அப்போ சரியாத்தானே வருது? பக்கம் திறக்குது, நம்பர் ஏறுது."

"நம்பர் ஏறுது, பொண்ணு இறங்கறா. சீட்டு பொய் சொல்லுதா, டேப்பு பொய் சொல்லுதா?"

"டேப்பு பொய் சொல்லாது மேடம். எங்க வீட்டுல அதைக் காட்டித்தான் என் சம்சாரம் என்னைத் தினமும் காலையில நடக்க விடறா. ரத்தத்தை மாத்தியிருப்பாங்க. நல்லாருக்கிற எவன் ரத்தத்தையோ வச்சு நம்பரை ஏத்தியிருப்பான்."

"நானும் அதைத்தான் நினைக்கிறேன்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. அவர் தவறாக நினைத்த தருணங்கள் குறைவு. அவற்றுள் இது ஒன்று.

*

ஆய்வு மருத்துவமனையின் வரவேற்பறையில் செயற்கை ஸ்ட்ராபெரி வாசனை தொண்டையில் ஒட்டியது. சுவரெங்கும் கண்ணடிக்கும் கரடிகள். சோபாவின் கைப்பிடியில் யாரோ ஒரு குழந்தையின் விரல்கள் விட்டுப்போன பிசுபிசுப்பு. ஒரு நோயை இவ்வளவு தித்திப்பாக அலங்கரித்தவர்களைப் பார்த்ததுமே இன்ஸ்பெக்டரம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் சந்தேகம் சாட்சியம் ஆகாது என்பதை அவர் அறிவார்.

பரிசோதனைக்கூடத்தில் டெக்னீஷியன் தனியாக இருந்தாள். இன்ஸ்பெக்டரம்மா தம் காலாவதியான அடையாள அட்டையைக் காட்டவில்லை. கைக்குட்டை எடுக்கும்போது அதுவும் கூடவே வந்து மேசையில் விழுந்தது, அவ்வளவுதான்.

"பொண்ணோட அம்மா சார்பா வந்திருக்கோம். இந்த ஐம்பத்தெட்டு அந்தப் பொண்ணோட ரத்தம்தானா?"

டெக்னீஷியனுக்கு மூக்கு சிவந்தது. "மேடம், என்னை வேற என்ன வேணாலும் கேளுங்க. ட்யூப் மாறிச்சான்னு மட்டும் கேக்காதீங்க. எடுக்கும்போது அப்பா முன்னாடி எடுக்கறேன். மூடிமேல காகிதம் ஒட்டி அவர் கையெழுத்து வாங்கறேன். காகிதம் கிழியாம திறக்க முடியாது, மெஷின் மூடியைச் சின்னதா ஊசியால துளைச்சு ரத்தம் எடுத்துக்கும். இதோ, நாலு ட்யூபும் இருக்கு. பாருங்க."

பார்த்தார். நான்கு காகிதங்களிலும் தந்தையின் கையெழுத்து, மூடியிலிருந்து குழாய்க்கு முறியாமல் ஓடியிருந்தது. இயந்திரத்தில் தூசி இல்லை. அளவைச் சரிபார்த்த பதிவில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. இவ்வளவு ஒழுங்கான பரிசோதனைக்கூடத்தை அவர் தம் இருபத்திரண்டு ஆண்டுகளில் இரண்டே இடங்களில்தான் கண்டிருந்தார்.

"கேஸ் படுத்திருச்சு மேடம்" என்று முணுமுணுத்தான் ஹாரன். "இந்தப் பொண்ணு நிஜமாவே வேலை செய்யுது. இப்படி ஒரு மோசடி ஆபீஸை நான் பார்த்ததே இல்லை."

இன்ஸ்பெக்டரம்மா நான்கு சீட்டுகளையும் வரிசையாக வைத்துக்கொண்டு அடிவரியைப் படித்தார். எவரும் படிக்காத வரி அது. இயந்திரம் தன் வசதிக்காகத் தானே அச்சிட்டுக்கொள்ளும் தொடர் எண்.

"வார்டுல எத்தனை பிள்ளைங்க?"

"எட்டு."

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை டெஸ்ட்?"

"பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை. எட்டுப் பேருக்கும் ஒரே நாள்ல எடுத்துருவோம்."

"அப்போ இவளோட முதல் சீட்டு ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டுன்னா, அடுத்த சீட்டு ஆயிரத்து நானூற்று இருபதுல வரணும். ஆயிரத்து நானூற்று அறுபதுல வந்திருக்கே. அதுக்கடுத்தது ஆயிரத்து ஐந்நூற்று எட்டு. ஒவ்வொரு தடவையும் நாற்பது சீட்டு எங்கேயோ போகுது. அந்த நாற்பது பேர் யாரும்மா?"

டெக்னீஷியன் கையுறையைக் கழற்றினாள், மீண்டும் மாட்டிக்கொண்டாள்.

"அது கீழே, மேடம்."

"கீழே யாரு?"

"கீழே... ஆளுங்க இல்லை."

"ஆளுங்க இல்லாம ரத்தம் மட்டும் படியேறி வருதா?" என்றான் ஹாரன்.

"எலிங்க. எலிக்கும் இதே மெஷின்தான், இதே டெஸ்ட்தான். அதுங்க சீட்டுல சூரியன் வராது. தலைப்பும் வேற. பிள்ளைங்களுக்கு உற்சாகமா இருக்கட்டும்னு பெரிய டாக்டர்தான் சூரியன் வைக்கச் சொன்னார். தலைப்பையும் அப்பத்தான் 'செல் விழிப்பு'ன்னு மாத்தச் சொன்னார்."

"பழைய தலைப்பு என்ன?"

அவள் கதவைப் பார்த்தாள். "எனக்கு இங்கிலீஷ் சுருக்கம்தான் தெரியும் மேடம். கீழே கேளுங்க. அங்கே கூண்டு பாக்கறவர் தமிழ்ல எழுதி வச்சிருக்கார்."

*

மணி மூன்று பத்து. அடித்தளத்துக்குச் சாமான் ஏற்றும் லிஃப்ட் மட்டுமே போயிற்று. கதவு திறந்தபோது ஸ்ட்ராபெரி வாசனை இல்லை. மரத்தூளும் சோப்பும் கலந்த நேர்மையான வாடை அடித்தது. வரிசை வரிசையாகக் கூண்டுகள். நடுவே, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் அணிந்த ஒருவர் ஓர் எலியை உள்ளங்கையில் வைத்து அதன் முதுகை ஒரு விரலால் தடவிக்கொண்டிருந்தார். மேலே இருப்பவர்கள் அவரைக் கூண்டுக்காரர் என்பார்கள். எட்டு ஆண்டுகளாக மேலே இருப்பவர்களை அவர் லிஃப்ட் வழியாக வரும் பெட்டிகளாக மட்டுமே அறிந்திருந்தார்.

"யாருங்க? செருப்பைக் கழற்றிட்டு வாங்க. என் புள்ளைங்களுக்குச் சட்டுனு நோய் பத்திக்கும்."

"நோய் குடுக்கறதுக்குத்தானேங்க வளக்கறீங்க?" என்றான் ஹாரன், செருப்பைக் கழற்றியபடி.

"குடுக்கச் சொன்ன நோயைத்தான் குடுக்கணும். நீங்க கொண்டு வந்ததை எல்லாம் குடுக்க முடியுமா?"

ஹாரன் முதல்முறையாகத் தனக்கேற்ற ஆளைச் சந்தித்தவன்போல் நிமிர்ந்தான். இன்ஸ்பெக்டரம்மா அவர்களைக் கவனிக்கவில்லை. சுவரில் நீளவாக்கில் ஒரு பலகை. அதில் ஆணி ஆணியாகச் சீட்டுகள். அதே காகிதம், அதே இயந்திரம், அதே எழுத்து. சில ஆணிகளில் சீட்டுக்குக் கீழே ஒரு சிறிய சாம்பல்நிறப் பையும் ஒரு கொத்துப் பஞ்சும் தொங்கின. பை தொங்கிய சீட்டுகளை மட்டும் படித்தார். நாற்பத்து நான்கு. ஐம்பத்தொன்று. நாற்பத்தேழு. அறுபத்திரண்டு.

"இந்தப் பை எதுக்கு?"

"அதுவா? நாற்பதைத் தாண்டிருச்சுன்னா பையை மாட்டி வச்சுருவேன். எட்டு வருஷமா அதான் வழக்கம். ஒண்ணுகூடத் தப்பினதில்லை. முதல்ல தண்ணியாக் குடிக்கும். அப்புறம் இளைக்கும், ரோமம் குத்திட்டு நிக்கும். பத்துப் பன்னிரண்டு நாள்ல முடிஞ்சிரும். காலையில வந்து பையைத் தேடிக்கிட்டு நிக்கக் கூடாது பாருங்க. அது மரியாதை இல்லை."

"மருந்து குடுத்துமா?"

"மருந்து குடுக்காத கூண்டு அந்தப் பக்கம். அதுங்களுக்கும் சர்க்கரைதான். ஆனா ஆறு, எட்டு, இதைத் தாண்டாது, ஏதோ ஓடுது. கறுப்புக் காகிதம் சுத்தின புட்டியிலேர்ந்து மருந்து எடுத்துப் போடறதுங்கதான் ஏறும். பெரிய டாக்டர்கிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டேன். 'நீ பையை மட்டும் பாரு'ன்னார்."

பலகையின் உச்சியில், சுண்ணக்கட்டியால், வட்ட வட்டமான கையெழுத்தில் தலைப்பு இருந்தது: செல் இறப்பு.

இன்ஸ்பெக்டரம்மா தம் கையிலிருந்த சீட்டுகளைப் பலகையோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"மேடம்" என்றான் ஹாரன் மெல்ல. "அந்தப் பக்கம் செல்லுக்குள்ளதானே இருக்கணும்? ரத்தத்துல எதுக்கு மிதக்குது?"

"சொல்லு."

"வீட்டுக்குள்ள இருந்த புத்தகம் தெருவுல கிடக்குதுன்னா... வீடு இடிஞ்சிருக்கு."

"இன்சுலின் பக்கம் திறந்தபடியே இருக்கிறது அந்தச் செல்லுல மட்டும்தான். அது ரத்தத்துல கிடைக்குதுன்னா அந்தச் செல் உடைஞ்சு கொட்டியிருக்கு. டாக்டர் தெருவுல கிடக்கிற ஏட்டை எல்லாம் பொறுக்கி எண்ணிட்டு, ஊர்ல எல்லாரும் படிக்க ஆரம்பிச்சுட்டாங்கன்னு சொல்றார். சீட்டு பொய் இல்லை, ஹாரன். டேப்பும் பொய் இல்லை. ரெண்டும் ஒரே சங்கதியைத்தான் சொல்லியிருக்கு."

"எலி செத்துருது. பொண்ணு எப்படி மேடம் நடமாடறா?"

"எலிக்கு அம்மா இன்சுலின் போடறதில்லை."

அதைச் சொல்லி முடித்ததும் அவருக்கு இரவுமுதல் இன்சுலின் வேண்டாம் என்ற உத்தரவு நினைவுக்கு வந்தது. அவர் கூண்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, ஒரு பத்து நிமிஷம் எங்ககூட மேல வர முடியுமா?"

"மேலயா? எனக்கு அங்கே என்னங்க வேலை?"

"ஒரு சீட்டைப் பார்க்கணும். அவ்வளவுதான்."

அவர் எலியைக் கூண்டில் விட்டார். தாழிட்டாரா என்று இருமுறை இழுத்துப் பார்த்த பிறகே பூட்ஸைக் கழற்றினார்.

*

மூன்று நாற்பதுக்கு அவர்கள் வார்டுக்குள் நுழைந்தனர். எட்டுக் கட்டில்கள். எட்டுக் கம்பிகளிலும் உப்புநீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது கொக்கியில், நான்கு மணிக்காகக் காத்து, கறுப்புக் காகிதம் சுற்றிய புட்டிகள் தொங்கின. நடுக்கட்டிலில் தையற்காரியின் மகள். மெலிந்த கையில் ஊசியும் பிளாஸ்திரியும். தாய் ஒருபுறம் நின்றாள். தந்தை மறுபுறம் நின்றார். பேருந்து பழுதுபார்க்கும் மெக்கானிக், நகங்களின் ஓரத்தில் கரி. சட்டைப் பையில் ஐம்பத்தெட்டின் நகல் ஒன்றை நான்காக மடித்து வைத்திருந்தார்.

பெரிய டாக்டர் அப்போதுதான் கைகளில் வாசனைத் திரவம் தடவிக்கொண்டு வந்தார். அழகிய, மெத்தென்ற கைகள். இன்ஸ்பெக்டரம்மா சொன்ன அனைத்தையும் தலையசைத்துக் கேட்டார். இடையே ஒரு குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"நீங்க கவலைப்படறது நியாயம்தான் மேடம். ஆனா எலி வேற, மனுஷன் வேற. எலிக்குக் குடுத்த அளவு வேற. செல் முழிக்கும்போது கொஞ்சம் சிந்தத்தான் செய்யும். புது வீட்டுக்குக் குடிபோகும்போது பழைய சாமான் வாசல்ல கிடக்கிறதில்லையா? அது மாதிரி."

சொல்லும்போது சிரித்தார். அழுகிய பழத்தின்மேல் மெழுகு பூசினாற் போன்ற சிரிப்பு.

"கேட்டியா?" என்று மெக்கானிக் மனைவியிடம் சீறினார். "ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் கூட்டிட்டு வந்து என் மானத்தை வாங்கறே. புள்ளை குணமாகறது உனக்குப் பொறுக்கலையா?"

"குணமாகறவளா இவ? அவ கையைப் பாருங்க."

"சும்மா இரு. சீட்டைப் பாரு. மெஷின் பொய் சொல்லுமா?"

"சொல்லாது சார்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "நான் உங்க கட்சி. அந்தச் சீட்டை இவர்கிட்டக் கொஞ்சம் காட்டுங்க. இவரும் இதே மெஷின் சீட்டை எட்டு வருஷமாப் படிக்கிறவர்தான்."

மெக்கானிக் பெருமையுடன் மடிப்பைப் பிரித்து நீட்டினார். கூண்டுக்காரர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அவருக்குச் சூரியனும் புதிது, தலைப்பும் புதிது. எண் மட்டும் புதிதன்று. அதைப் படித்ததும் எட்டு ஆண்டுப் பழக்கம் தானாகப் பேசியது.

"ஐம்பத்தெட்டா? அடடா. எந்தக் கூண்டுங்க? நான் பை எடுத்துட்டு வரலையே."

கூண்டுக்காரர் நிமிர்ந்தார். தையற்காரியைப் பார்த்தார், மெக்கானிக்கைப் பார்த்தார். பிறகு கட்டிலையும், கட்டிலிலிருந்து தம்மையே உற்றுப் பார்த்த இரு கண்களையும் பார்த்தார்.

"பை எதுக்கு?" என்றார் மெக்கானிக்.

"அது... எலிக்குங்க. எலிக்கு மட்டும்தாங்க."

"நாற்பதைத் தாண்டினா எலிக்கு என்ன ஆகும்?"

கூண்டுக்காரர் சீட்டை நான்காக மடித்து, முன்பு இருந்தபடியே மெக்கானிக்கின் சட்டைப் பையில் வைத்தார். சுடும் பாத்திரத்தை இறக்கி வைப்பவர்போல் கையை எடுத்துக்கொண்டார்.

"அவர் படிக்காத ஆளுங்க" என்றார் டாக்டர். "கூண்டு கழுவறவர். அவர் சொல்றதை வச்சு முடிவு பண்ணிராதீங்க. இன்னைக்கு ராத்திரியிலேர்ந்து உங்க பொண்ணுக்கு இன்சுலின் ஊசியே வேண்டாம். வெள்ளிக்கிழமை பெரிய பெரிய ஆளுங்க இவங்களைப் பார்க்க வர்றாங்க. உங்க பொண்ணுதான் முன்னாடி நிப்பா."

"ஊசி எதுவரைக்கும் வேண்டாம்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டரம்மா.

"எதுவரைக்கும்னா?"

"வெறுமனே கேட்டேன். குணமானவங்களுக்குக் கடைசித் தேதி இருக்காது. நீங்க எழுதின உத்தரவுல இருக்கான்னு தெரிஞ்சுக்கலாமேன்னுதான்."

அவர் டாக்டரைப் பார்க்கவில்லை. கட்டில்களின் தலைமாட்டில், மாலை உத்தரவுகள் செருகிய அட்டையை மார்போடு அணைத்து நின்ற நர்ஸைப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும். காலையிலிருந்து எட்டு ஊசிகளைக் குத்தியவள். இதுவரை ஒரு வார்த்தையும் பேசாதவள்.

"சிஸ்டர், அது ரகசியம்" என்றார் டாக்டர்.

நர்ஸ் அட்டையை விரித்தாள். பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல், ஏற்ற இறக்கமின்றிப் படித்தாள்.

"எட்டுப் பேருக்கும். செவ்வாய் இரவிலேர்ந்து இன்சுலின் நிறுத்தம். வெள்ளி மாலை பார்வையாளர் போனதும், ரத்தத்துல அமிலம் பார்க்கணும். சனிக்கிழமை காலையிலேர்ந்து இன்சுலின், பழைய அளவு. அவசர வண்டி வெள்ளி பகல் முழுக்கப் பின்வாசல்ல நிக்கணும்." நிறுத்தினாள். "பின்வாசல்ங்கிறதுக்கு அடியில கோடு போட்டிருக்கார்."

ஹாரன் பன்னிரண்டு ஆண்டுகள் அவசர வண்டி ஓட்டியவன். பின்வாசலில் நிற்கச் சொன்ன வண்டிகள் எவற்றை ஏற்றிக்கொண்டு போயின என்பதை அவன் அறிவான். அவன் ஒரு பகடியும் செய்யவில்லை. சன்னலைத் திறந்து வெளியே காறித் துப்பினான்.

இன்ஸ்பெக்டரம்மா கணக்கை உரக்கச் சொன்னார். "மூணு நாள். இன்சுலின் இல்லாம மூணு நாள் தாங்கும்னு எலியில பார்த்து வச்சிருக்கீங்க. மருந்து வேலை செய்யலைன்னு உங்களுக்குத் தெரியும். மூணு நாள் நிக்க வைக்கக் குழந்தைங்க வேணும்."

டாக்டர் மறுக்கவில்லை. அவருடைய முகத்தில் குற்றவுணர்வு தேடினால் கிடைக்காது. தேடிய இடத்தில் ஒரு மனவருத்தம்தான் இருந்தது. "நீங்க நினைக்கிற மாதிரி இல்லை மேடம். அந்த ஐம்பத்தெட்டு எவ்வளவு சுத்தமான எண் தெரியுமா? ஒரு கோடு மாதிரி ஏறியிருக்கு. மனுஷ ரத்தத்துல இவ்வளவு அழகா இதுவரைக்கும் வந்ததே இல்லை. பாதியில நிறுத்தினா எல்லாம் வீண்."

அவர் இன்ஸ்பெக்டரம்மாவின் தோளைத் தொடக் கையை நீட்டினார். இன்ஸ்பெக்டரம்மா நகர்ந்துகொண்டார். சாக்கடையைத் தாண்டுகிறவர் புடவையை ஒதுக்குவதுபோல், மேலங்கியின் ஓரத்தை ஒதுக்கிக்கொண்டார்.

மெக்கானிக் கறுப்புப் புட்டியைக் கொக்கியிலிருந்து கழற்றினார். அதை உடைக்க ஓங்கிய கையை இன்ஸ்பெக்டரம்மா பிடித்தார். "வேண்டாம். இது சாட்சி."

நர்ஸ் ஒரு ஸ்டீல் தட்டை நீட்டினாள். புட்டி அதில் அமர்ந்த ஓசை கேட்டது. பிறகு அவள் அடுத்த கட்டிலுக்குச் சென்றாள். யாரும் சொல்லவில்லை. இரண்டாவது புட்டி. மூன்றாவது. "சிஸ்டர், யாரைக் கேட்டு எடுக்கறீங்க?" என்றார் டாக்டர். நான்காவது. அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "குத்தும்போதும் யாரையும் கேக்கலை சார். அந்தப் பாவம் போதும்." ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. தட்டு நிறைந்ததும் அதைத் துணியால் மூடி ஹாரனிடம் கொடுத்தாள். உத்தரவு அட்டையையும் அதன்மேல் வைத்தாள்.

இன்ஸ்பெக்டரம்மா அங்கேயே நின்று தம் பழைய துறைக்குத் தொலைபேசியில் பேசினார். இம்முறை அறிக்கை அலமாரிக்குப் போகாது. எட்டுப் பெற்றோர்களின் எண்களை நர்ஸ் ஏற்கெனவே ஒவ்வொன்றாக அழைத்துக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்து மனைவியிடம் கேட்டார்: "மிச்சம் ஏதாவது செல்லு இருக்குமா?"

தையற்காரி இன்ஸ்பெக்டரம்மாவைப் பார்த்தாள்.

"தெரியலை" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "இருந்தா, கொஞ்சம்தான் இருக்கும். போனது திரும்பாது. ஊசி போட்டா நல்லா வாழலாம். நாளும் போடணும். ஒரு நாள்கூட விடக் கூடாது."

மெக்கானிக் தலையசைத்தார். "சாயங்கால ஊசி நேரமாச்சே" என்றார். ஆறு மாதமாகத் தையற்காரிதான் போட்டுவந்தாள். அவர் அப்போதெல்லாம் வாசலுக்குப் போய்விடுவார். இப்போது அவளிடம் கையை நீட்டினார். அவள் பைக்குள்ளிருந்து இன்சுலின் பேனாவை எடுத்து, அளவைத் திருகி வைத்துக் கொடுத்தாள்.

"உங்களுக்குப் போடத் தெரியாதுப்பா" என்றாள் மகள்.

"சொல்லிக் குடு."

"வயித்துல கொஞ்சம் சதையைப் பிடிங்க. நேரா குத்துங்க. பொத்தானை அமுக்கிட்டு உடனே எடுத்துரக் கூடாது. பத்து வரைக்கும் எண்ணணும். இல்லைன்னா மருந்து வெளிய வந்துரும்."

பிடிக்கச் சதை அதிகம் இல்லை. கரி படிந்த விரல்களால் கிடைத்ததைப் பிடித்துக் குத்தினார். பொத்தானை அமுக்கினார். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். ஏழில் குரல் உடைந்தது. மீதி மூன்றையும் அவள் எண்ணினாள்.